சொல்லாமல் இறக்கிய சுமை

இந்தக் கதையைக் கோமதிநாயகம் முப்பது வருடமாக நம்பவில்லை. நம்பவில்லை என்று சொல்வதுகூடச் சரியில்லை. நம்பாமல் இருப்பதற்கு வருடத்துக்கு ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தார் என்பதுதான் சரி. சாலைத் துறையில் ஆய்வாளர் வேலை அவருக்கு. கரிசல் மண்ணின் குணம் தெரியும். கோடையில் முழங்கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும், ஐப்பசி மழைக்கு உப்பி எழுந்து போட்ட தாரைப் பிளந்துவிடும், நட்டுவைத்த மைல்கல்லை நாலே வருடத்தில் கழுத்துவரை விழுங்கிவிட்டு ஒன்றும் அறியாததுபோல் இருக்கும். ஆகவே ஒரு கல் ஒரு புதன்கிழமை காலையில் உட்கார்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால், அடிமண் உள்வாங்கிவிட்டது என்று ஒரே வரியில் எழுதி மூடிவிடலாம். அப்படித்தான் அவரும் மனசுக்குள் எழுதி வைத்திருந்தார். அதே கல் பிறகு எழுந்து நின்றது என்கிற இடத்தில் மட்டும் அந்த வரி நின்றுவிடும், மேலே ஓடாது.

சொன்னது அவருடைய அம்மா ஆவுடைத்தாய். எத்தனை தடவை சொன்னாலும் ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. பொய்யைத்தான் மனிதர்கள் இப்படி மாறாமல் சொல்வார்கள், நடந்ததைச் சொல்கிறவர்கள் தடுமாறுவார்கள் என்று அவர் ரொம்பக் காலம் நினைத்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய பிறகுதான், திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்த வலியையும் மனிதர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று தோன்ற ஆரம்பித்தது.

அந்தப் பக்கத்தில் ஒரு சொலவடை உண்டு: "சொல்லாம இறக்குன சுமை கல்லுக்கும் கனக்கும்." ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் மேசையில் வைத்துவிட்டு நழுவினால் அலுவலகத்தில் சொல்வார்கள். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுச் சினிமாவுக்குப் போன தாய் திரும்பி வரும்போது வாசலிலேயே சொல்வார்கள். சாப்பாட்டு நேரத்துக்கு இரண்டு சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிற மருமகனைப் பார்த்து, அவன் காதில் விழாமல் மாமியார் அடுப்படியில் சொல்லிக்கொள்வாள். சொல்கிறவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். எந்தக் கல் என்று யாரும் கேட்டதில்லை. கோமதிநாயகம் கேட்க வேண்டியதில்லை. அந்தக் கல் அவருடைய பெரியம்மா.

ஆவரம்பட்டியில் உத்தண்டுக்கு வாழ்க்கைப்பட்டவள் குருவம்மாள். எட்டு மாதப் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு, தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாக ஓடைக் கிணற்றிலிருந்து ஏறி வந்தவள், வீட்டு வாசலுக்கு இருபது அடி இருக்கும்போது இரண்டு குடத்தையும் உடையாமல் இறக்கி வைத்துவிட்டு அப்படியே சாய்ந்து செத்துப்போனாள். வயிற்றுச் சுமையோடு போனவள் போன இடத்திலும் சுமந்துகொண்டேதான் நிற்பாள் என்பது அங்கே உள்ள நம்பிக்கை. அதற்காக ஒரு சுமைதாங்கி நடுவார்கள். செத்தவளின் தோள் உயரத்துக்கு நூல் பிடித்து, அந்த உயரத்துக்கு இரண்டு கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லைக் குறுக்கே படுக்க வைப்பார்கள். தலைச்சுமையோடு போகிறவர்கள் அதில் சுமையை நகர்த்தி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொள்ளலாம். தரையில் இறக்கிய சுமையை ஒற்றை ஆள் திரும்பத் தலைக்கு ஏற்ற முடியாது, தூக்கிவிட இன்னொரு ஆள் வேண்டும்; சுமைதாங்கியில் இறக்கினால் ஆள் வேண்டாம், குனிந்து தலையைக் கொடுத்தால் போதும். அப்படி இறக்குகிறவர்கள் கல்லைத் தொட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: "நான் இறக்கிட்டேன் தாயி, நீயும் இறக்கு." அதைச் சொன்னால் உள்ளே நிற்கிறவளும் அந்த நேரத்துக்குத் தன் சுமையை இறக்கிவைப்பாள். கல் எதற்கு என்றால் அந்த வார்த்தைக்குத்தான்.

ஆவரம்பட்டிக்கும் மேட்டுச்சந்தைக்கும் நடுவில், மூன்றாவது மைலில், ஓர் உடைமரத்தின் பக்கத்தில் குருவம்மாளை நிறுத்தினார்கள். முதல் வருடம் எல்லாரும் சொன்னார்கள். மிளகாய் கொண்டு போனவர்களும் பருத்தி கொண்டு போனவர்களும் விறகுக்கட்டோடு வந்தவர்களும் கல்லைத் தொட்டுச் சொல்லி, கண்ணைத் துடைத்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் வருடம் அவசரம் உள்ளவர்கள் கல்லைத் தொட்டார்கள், சொல்லவில்லை. மூன்றாம் வருடம் தொடவுமில்லை. சந்தைக்கு நேரமாகிறது, வெயில் ஏறுகிறது, கல்தானே என்று வைத்தார்கள், எடுத்தார்கள், போனார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. சோர்ந்தவர்கள், அவ்வளவுதான்.

இதற்கிடையில் குருவம்மாளின் தங்கை ஆவுடைத்தாயை அதே உத்தண்டுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அக்காள் போன வீட்டுக்குத் தங்கச்சி போவது நடப்புதான் என்று அவளுடைய அப்பா சொன்னார். அடுப்பு அணையக்கூடாது என்று மாமியார் பூச்சம்மாள் சொன்னாள். ஆவுடைத்தாயை யாரும் கேட்கவில்லை. அவளும் எல்லாரையும்போல் சுமையோடு அந்த வழியாகத்தான் சந்தைக்குப் போனாள். அக்காள் முகத்தில் எப்படி முழிப்பது என்கிற கூச்சத்தில், சுமையை வைக்கும்போது உடைமரத்தைப் பார்த்துக்கொள்வாள். ஒரு நாளும் அவள் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

கல் உட்கார்ந்தது பங்குனி மாதத்தில், ஒரு புதன் சந்தையன்று. முதலில் பார்த்தவள் மாடத்தி. மிளகாய் மூட்டையோடு வந்தவள், தோள் உயரத்தில் இருக்க வேண்டிய குறுக்குக்கல் முழங்கால் உயரத்தில் இருப்பதைக் கண்டாள். இரண்டு கால்கல்லும் மடங்கியிருந்தன. வெகுதூரம் நடந்துவந்த பொம்பளை பொதுக்கென்று உட்காருவாளே அப்படி, கொஞ்சம் இடப்பக்கமாகச் சாய்ந்து, குருவம்மாள் குடம் இடுக்குகிற பக்கமாகச் சாய்ந்து, உட்கார்ந்திருந்தது. மாடத்திக்கு ஆச்சரியம் வரவில்லை, கோபம் வந்தது.

"ஏட்டி குருவு, இன்னைக்குத்தானா உனக்கு உக்காரணும்? நாலு மரக்கா மிளகாயைத் தலையில வச்சுக்கிட்டு நான் நிக்கிறது கண்ணு தெரியலையா?"

கல் பேசவில்லை. மாடத்தி மூட்டையைத் தரையில் போட்டுவிட்டுத் தூக்கிவிட ஆள் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து வந்தவளுக்கும் அதே கதி. ஒருத்தி தூக்கிவிட்டால் ஒருத்தி போகலாம், தூக்கிவிட்டவள் அடுத்தவள் வரும்வரை காத்திருக்க வேண்டும். எட்டு மணிக்குள் உடைமரத்தடியில் பதினாறு பேர் இருந்தார்கள். ஆறு வருடமாகப் பேசிக்கொள்ளாத இரண்டு ஓரகத்திகள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் ஒருத்தி சுமையை ஒருத்தி தூக்கிவிட்டார்கள். மணியக்காரர் ராமசுப்புவின் ஆள் தன் எள்ளு மூட்டையை மற்ற சாதிக்காரர் தொட வேண்டாம் என்று மதியம்வரை நின்று பார்த்துவிட்டு, வெயில் தாங்காமல், "யாராச்சும் தொடுங்க சாமி" என்றான். கடைசியாக நின்றவளைத் தூக்கிவிட ஆளே இல்லை. அவள் சந்தைக்குப் போகாமல் மூட்டைக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிவிட்டு, "இப்படி ஒரு தூக்கம் தூங்கி எத்தனை வருசமாச்சு" என்று சாயங்காலம் சொன்னாள்.

மறுநாள் கடப்பாறையோடு எட்டு ஆண்கள் போய்க் கல்லை நிமிர்த்தினார்கள். மதியத்துக்குள் அது மறுபடியும் உட்கார்ந்துகொண்டது. பொங்கல் வைத்தார்கள், சேலை சாத்தினார்கள், உட்கார்ந்தே வாங்கிக்கொண்டது. வைத்தியம் தெரிந்த ஒரு கிழவர் கல்லின் மடங்கிய இடத்தைத் தடவிப் பார்த்து, "கால் வீங்கியிருக்கு" என்றார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பெண்கள் நொச்சி இலை போட்டு வெந்நீர் காய்ச்சிக் கொண்டுபோய்க் கல்லின் காலுக்கு ஊற்றினார்கள். வேப்பெண்ணெய் தடவலாமா நல்லெண்ணெய் தடவலாமா என்று இரண்டு தெருவுக்குள் சண்டை வந்து, இடது காலுக்கு ஒன்றும் வலது காலுக்கு ஒன்றுமாகத் தடவினார்கள். பழகிவிட்டது. பக்கத்து ஊரிலிருந்து வந்தவர்கள் "என்ன உங்க கல்லு உக்காந்திருக்கு?" என்று கேட்டால், "அதுக்கு முடியல" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

முடியாமல் போனது சுமைகாரர்களுக்கு. ஊர் கூடியது. மணியக்காரர் ராமசுப்பு பூச்சம்மாளைப் பார்த்துப் பேசினார்.

"நட்டது நீங்க. பேரு உங்க மருமக பேரு. அவ உக்காந்துட்டா உங்க வீட்டுல ஒரு ஆளுதான நிக்கணும்?"

"ஊருக்குன்னு நட்ட கல்லு மணியம். சுமையை வச்சது பூரா நீங்க. இப்ப எங்க வீட்டுக் கல்லா ஆயிருச்சா?" என்றாள் பூச்சம்மாள்.

"வீம்பு பேசாத. புதன்கிழமை ஒரு நாளுதான். காலையிலேருந்து நின்னு வார சுமையைத் தூக்கிவிட்டாப் போதும். கல்லு எந்திரிக்கிற வரைக்கும்."

"எனக்கு மூட்டு வலி, ஊருக்கே தெரியும்."

எல்லாருடைய கண்ணும் ஆவுடைத்தாய் மேல் போய் நின்றது. அவள் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். அதே மாதத்தில்தான் அக்காள் போனாள் என்பது அவளுக்கும் தெரியும், அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

"வாயும் வயிறுமா இருக்கவளையா நிறுத்தப் போறீங்க?" என்றாள் மாடத்தி.

"அவளுக்காகத்தான் சொல்றேன்" என்றார் மணியக்காரர். "அக்காக்காரி எதுக்கு இப்ப உக்காந்தா? தங்கச்சி வயித்துப் பிள்ளையை நினைச்சுத்தான் ஏக்கம். இவ நின்னு நாலு பேரு சுமையைத் தூக்கிவிட்டா அவ மனசு ஆறும். இல்லேன்னா இவளையும் கூப்பிட்டுக்கிருவா."

உத்தண்டு கீழே எதையோ தொலைத்தவன்போல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆவுடைத்தாய் அவனைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவன் தேடியது கிடைக்கவில்லை.

முதல் புதன்கிழமை அவள் நின்றபோது எல்லாரும் இரக்கப்பட்டார்கள். "உனக்குப் புண்ணியமாப் போகும் தாயி", "சுகமாப் பெத்துப் பிழைச்சுக்கிருவ" என்றார்கள். மாடத்தி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் குடிக்கும்வரை பொறுத்திருந்து, "சீக்கிரம் தூக்கிவிடு தாயி, வெயில் ஏறுது" என்று தன் மூட்டையைக் காட்டினாள். இரண்டாம் புதன்கிழமை வந்தவர்கள் சிரித்தார்கள், பேசவில்லை. மூன்றாம் புதன்கிழமை சிரிக்கவும் இல்லை. வந்தார்கள், கழுத்தை வளைத்துக்கொண்டு நின்றார்கள், அவள் தூக்கிவிட்டாள், போனார்கள். முப்பது சுமை ஆனது, நாற்பது ஆனது. அடிவயிறு கல்லாக இறங்கியது. இன்னும் எத்தனை சுமையில் அக்காளிடம் போய்ச் சேருவோம் என்று அவளுடைய உடம்பு தானாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, எதிரே நின்ற ஒருத்தி அவளைப் பார்க்காமல் உடைமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதை ஆவுடைத்தாய் கண்டாள்.

அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். அது அவளுடைய பார்வைதான். இரண்டு வருடமாக அவள் இதே இடத்தில் நின்று அப்படித்தான் மரத்தைப் பார்த்திருக்கிறாள்.

அப்போது பூச்சம்மாள் பருத்திப் பொதியோடு வந்து, அதைத் தரையில் போட்டு, மூச்சு வாங்கிவிட்டுக் கழுத்தை வளைத்தாள். "தூக்கு."

ஆவுடைத்தாயின் கை எழவில்லை. அவள் இரண்டடி பின்னால் போய், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்திருந்த கல்லின்மேல் உட்கார்ந்தாள்.

"ஏட்டி! சுமைதாங்கி மேல உக்காரக்கூடாது, எந்திரி!"

"கல்லே உக்காந்திருக்கு அயித்தை. நான் உக்காந்தா என்ன?"

அவள் கையைப் பின்னால் கொண்டுபோய்க் கல்லைத் தடவினாள். நொச்சித் தண்ணியும் எண்ணெயும் ஊறி, வெயிலில் கதகதப்பாக, ஒரு பொம்பளையின் காலைப்போல்தான் இருந்தது. "யக்கா" என்றாள். "நான் இறக்கிட்டேன். நீயும் இறக்கு." சொல்லி முடிப்பதற்குள் வலி வந்துவிட்டது.

சாலையில் இருந்த ஆண்களை விரட்டிவிட்டு, பெண்கள் சேலை முந்தானைகளைப் பிடித்துச் சுற்றி நின்றார்கள். அவளை நகர்த்தப் பார்த்தார்கள், முடியவில்லை. கல்லில் முதுகைக் கொடுத்துக்கொண்டு அவள் முக்கினாள். தான் தளர்ந்த போதெல்லாம் கல் பின்னாலிருந்து ஒரு முட்டுக் கொடுத்தது என்பாள் ஆவுடைத்தாய். கதையில் இந்த இடத்தில் மட்டும் அவளுடைய குரல் கொஞ்சம் தணியும். மாடத்தி தொப்புள்கொடியைக் கருக்கரிவாளால் அறுத்தாள். ஆண் பிள்ளை. உயிரோடு அழுதது. தாயும் இருந்தாள்.

அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் செய்ததைத்தான் ஊர் ரொம்ப நாள் பேசியது. யாரும் சொல்லாமலே வரிசையாக வந்து கல்லைத் தொட்டார்கள். இத்தனை நாள் சொல்லாமல் வைத்த சுமைக்கெல்லாம் சேர்த்துச் சொன்னார்கள். மாடத்தி மூச்சுவிடாமல் சொன்னாள், ஒருத்தி ஒவ்வொரு சுமையாக நினைவுபடுத்தி, "அது கம்பு மூட்டை, நான் இறக்கிட்டேன் தாயி, நீயும் இறக்கு, அது என் மகளோட சீர்ப்பெட்டி, நான் இறக்கிட்டேன் தாயி, நீயும் இறக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியாகப் பூச்சம்மாள் போனாள். அவளுடைய உதடு வெகுநேரம் அசைந்தது. என்ன சொன்னாள் என்பது யாருக்கும் கேட்கவில்லை. பொழுது சாய்ந்தது. அன்றைக்குச் சந்தைக்கு யாரும் போகவில்லை.

வியாழக்கிழமை காலையில் அந்த வழியாகப் போனவர்கள் கல் தோள் உயரத்தில் நிற்பதைக் கண்டு, சுமையை வைத்தார்கள், சொன்னார்கள், எடுத்தார்கள், போனார்கள்.

பிறகு பேருந்து வந்தது, டெம்போ வந்தது, தலைச்சுமை போயிற்று. கல் நின்றது, அதைத் தொட ஆளில்லை. சொலவடை மட்டும் கல்லைவிட்டுக் கிளம்பி, மேட்டுச்சந்தைக்கும் அப்பாலும் போய், சிரித்துக்கொண்டே சொல்கிற ஒன்றாக ஆகிவிட்டது.

போன மாதம் அந்தச் சாலையை அகலப்படுத்த உத்தரவு வந்தபோது, மூன்றாவது மைல் கோமதிநாயகத்தின் எல்லைக்குள் இருந்தது. வேறு ஆய்வாளரிடம் தள்ளிவிட்டிருக்கலாம். தள்ளவில்லை. கல்லின் அடியைப் பார்த்துவிட வேண்டும் என்கிற ஆசை அவருக்கு இருந்தது. அடிமண் எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டால் முப்பது வருடத்துச் சந்தேகம் ஒரு வழியாக முடிந்துவிடும். கிரேன் கல்லைத் தூக்கியது. அடியில் ஒன்றரை முழம், எல்லாச் சுமைதாங்கிக்கும் இருக்கிற அளவுதான். மண் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு கால்கல்லிலும், நடுவில், ஒரே உயரத்தில், பின்பக்கமாக ஒரு கோடு ஓடியது. விரிசல் இல்லை, நகம் நுழையவில்லை. முழங்காலுக்குப் பின்னால் தோல் மடிந்து மடிந்து விழுகிற கோடு மாதிரி இருந்தது. அவர் அதை இரண்டு தடவை விரலால் தடவிப் பார்த்தார். அறிக்கையில் "பழைய விரிசல்" என்று எழுதினார். கல்லை அலுவலகத்துக்குப் பின்னால் ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்தில் படுக்க வைக்கச் சொன்னார். கிரேன்காரன் அவசரப்பட்டான், மதியச் சாப்பாட்டு நேரம், இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் பாதி தூரத்தில்தான், தான் ஒன்றும் சொல்லவில்லை என்பது அவருக்கு உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனார். அம்மா அங்கேதான் இருந்தாள், எட்டு மாதமாக. கொண்டுவந்து விட்டபோது தங்கையிடம் பத்து நாள் என்று சொல்லியிருந்தார். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. பையை உள்ளே வைத்துவிட்டு, காப்பி குடித்துவிட்டு, பேருந்துக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார். அவருக்கும் வீட்டில் சொல்லிக்கொள்ள முடியாத சோர்வு இருந்தது. எல்லாருக்கும்தான் இருக்கிறது.

ஆவுடைத்தாய் ஜன்னல் பக்கம் நாற்காலியில் இருந்தாள். கால் வீங்கியிருந்தது.

"கல்லை எடுத்துட்டாங்களாமே?" என்றாள்.

"நான்தாம்மா எடுத்தேன். ரோடு போடுறாங்க."

"சொல்லிட்டு இறக்குனியா?"

அவர் தரையைப் பார்த்தார். அப்பா அன்றைக்குத் தரையில் என்ன தேடியிருப்பார் என்று இப்போது தெரிந்தது.

"சரி விடு" என்றாள் அம்மா. "அவளுக்குப் பழக்கந்தான்."

வெளியே தங்கை வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிற சத்தமும், பிளாஸ்டிக் குடங்களை நகர்த்துகிற சத்தமும் கேட்டன. கேட்பதற்கு அவர் வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த கேள்விகள் நிறைய. அந்த வருடம் மழை எப்படி, கல் நின்ற இடத்தில் ஓடைத்தண்ணீர் ஏறுமா, எழுந்து நின்றதை முதலில் பார்த்தது யார், அவர் இப்போது இருக்கிறாரா. அதில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அம்மாவின் வீங்கிய காலை எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டார். ஐம்பத்து நாலு வருடம் கழித்து, கேட்பதற்கு ஒன்றுதான் இருந்தது.

"அம்மா, நான் ரொம்பக் கனமா இருந்தேனா?"